பிறந்த வீட்டுக் கோடி

நெஞ்சுக்குள் நீர் கோத்து, விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு குழாய் செருகப்பட்டு, சங்கரன்கோவிலில் ஒரு மருத்துவமனையின் மாடியில் நான் கிடந்தபோது, புளியங்குடியில் என் அக்கா இறந்துபோனாள். எனக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது அவளும் நானும்தான். கேள்விப்பட்டால் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடிவிடுவேன் என்று பயந்தார்கள். பயந்ததில் தப்பில்லை. என் மனைவி செல்விக்கு என் கால்களைத் தெரியும்.

இப்போது தேறிவிட்டேன். காசநோய்தான் என்று முடிவாகி, மாத்திரைகளை முடித்து, உருகிப்போன சதையில் பாதி திரும்பி வந்துவிட்டது. பார்க்க வருகிறவர்கள் எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள். வலியைச் சொன்னால் தலையாட்டுகிறார்கள். பில்லைச் சொன்னால் அவர்களும் ஒரு பில்லைச் சொல்கிறார்கள். நான் சொல்ல நினைப்பது இரண்டும் இல்லை. செத்தவளுக்கு இனி ஒன்றுமே வேண்டாம் என்று நன்றாகத் தெரிந்தும், அவளை நினைத்து ஏன் அப்படிப் பரிதவித்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். அந்தக் குழாயின் முனையில் என்னைக் கட்டிப்போட்டிருக்காவிட்டால் அது எனக்கு விளங்கியிருக்காது.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். கல்யாண அழைப்பிதழ், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எல்லாம் அடித்துக் கொடுப்பேன். வீட்டிலிருந்து கடைக்கு நடைதான். கடையிலிருந்து எங்கேயும் நடைதான். நடக்காவிட்டால் எனக்கு மூளையில் ஒரு வரி ஓடாது. அப்படி நடக்கிறவனுக்கு ஒரு நாள் பாதி வழியில் மூச்சு நின்று நின்று வந்தது. மாலை ஆனால் காய்ச்சல். படுத்தால் இருமல். இடது பக்கம் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல ஒரு பாரம்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து டாக்டர் காட்டினார். வலது நுரையீரல் கறுப்பாக, காற்று நிறைந்து, சரியாக இருந்தது. இடது பக்கத்தில் பாதிக்குக் கீழே வெறும் வெள்ளை. நுரையீரலுக்கு இரண்டு அடுக்கில் ஓர் உறை உண்டாம். அடுக்குகளுக்கு நடுவே வழுக்குவதற்கு மட்டும் கொஞ்சம் ஈரம் இருக்குமாம். எனக்கு அந்த ஈரம் குளமாகிவிட்டது. முதலில் ஊசி போட்டு இழுத்தார்கள். வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி வந்தது. மறுபடியும் ஊறியது, இந்த முறை கலங்கலாக, கட்டியாக. அதனால்தான் குழாய். குழாயின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டிலில், தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். மூச்சை விட்டால் குமிழ் வரும். இழுத்தால் குழாயில் தண்ணீர் கொஞ்சம் ஏறி நிற்கும். வெளிக்காற்று நெஞ்சுக்குள் திரும்பிப் போகாமல் இருக்க இந்தத் தண்ணீர்தான் காவல். பாட்டில் எப்போதும் நெஞ்சைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். அதைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு கழிப்பறை வரை போகலாம். படி இறங்கக் கூடாது.

எடுத்த நீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். காசநோயா, மற்றதா என்று தெரிய வேண்டும். எல்லோரும் 'மற்றது' என்றுதான் சொன்னார்கள். அதன் பெயரைச் சொன்னால் அது கதவைத் திறந்துகொண்டு வந்துவிடும் என்பதுபோல.

இரண்டு கட்டில் போட்ட அறை. பக்கத்துக் கட்டிலில் திருவேங்கடத்துப் பக்கம் ஒரு ஊரிலிருந்து வந்த மாரியப்ப அண்ணாச்சி. ஆடு மேய்க்கிறவர். பைக்கில் போகும்போது விழுந்து தொடை எலும்பு முறிந்து, காலைத் தூக்கி, கயிற்றில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வந்த முதல் நாளே என் பாட்டிலையும் தன் எடையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "ஒம்மைத் தண்ணியில கட்டியிருக்கான், என்னையக் கல்லுல கட்டியிருக்கான். பொழுதன்னைக்கும் நான் ஆட்டைக் கட்டுனேன்லா வே, அதான்" என்றார். அவர் மனைவி பேச்சியம்மாள் சிரிக்காமல், கட்டிப் போட்டிருக்கும்போதாவது வாயை மூடட்டும் என்று என்னிடம் முறையிட்டாள்.

கட்டிப் போட்டிருப்பது என்றால் என்னவென்று அங்கேதான் தெரிந்தது. ஜன்னலில் ஒரு வேப்பமரத்தின் உச்சி மட்டும் தெரியும். கீழே தெருவில் மினிபஸ் போவது, சோளப்பொரிக்காரன் மணி, செருப்புகள், எல்லாம் காதுக்கு மட்டும். நான் போக வேண்டிய இடமெல்லாம் என்னை விட்டுவிட்டுத் தானாகப் போய்க்கொண்டிருந்தது. இரவுகளில் குமிழ்ச் சத்தம். என் மூச்சு எனக்கு வெளியே, தரையில், ஒரு பாட்டிலுக்குள் நடந்துகொண்டிருந்தது. அதையே கேட்டுக்கொண்டு கிடந்தால், நாம் நம் உடம்பில் குடியிருக்கிறோமா, பக்கத்தில் காத்திருக்கிறோமா என்று சந்தேகம் வந்துவிடும்.

செல்வி தினமும் காலையில் கோவிலுக்குப் போய்ப் புற்றுமண் கொண்டுவருவாள். நெற்றியில் கொஞ்சம், பிளாஸ்திரிக்குப் பக்கத்தில் கொஞ்சம். நர்ஸ் ஒருத்தி கண்டபடி திட்டிவிட்டு ஸ்பிரிட் போட்டுத் துடைப்பாள். அடுத்த நாள் மறுபடியும் மண். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் நடத்தினார்கள். எனக்கு இரண்டும் பிடித்திருந்தது. புதுக் கைலி ஒன்று எடுத்து வந்தாள், அதன் ஓரத்திலும் மஞ்சள். ஆஸ்பத்திரிக்குக் கட்டுகிற கைலிக்கு எதற்கு என்றேன். மஞ்சள் படாத புதுத்துணி இந்த வீட்டுக்குள் வந்ததில்லை என்றாள்.

அக்காவுக்கு நான் படுத்திருப்பது தெரியாது. அவளுக்கு இதயத்தில் வால்வு சுருக்கம். ரத்தம் போகிற சின்னக் கதவு சரியாகத் திறக்காது. அதிர்ச்சி ஆகாது என்று அத்தானே சொல்லிவிட்டார். தம்பி சென்னையில் ஒரு அச்சக வேலையாகப் போயிருக்கிறான் என்று கதை கட்டிச் சொல்லியிருந்தார்கள். நானும் சரி என்றேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது பஸ் ஏறி அவள் வீட்டில் போய் உட்கார்ந்து, பேசாமல் ஒரு காப்பி குடித்துவிட்டு வருகிறவன் நான். இப்போது போகவில்லை. எழுந்ததும் போய்க்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை புற்றுமண் வரவில்லை.

செல்வி வெறும் நெற்றியோடு வந்தாள். கோவிலில் கூட்டம் என்றாள். என் போனைச் சார்ஜ் போடுவதாக எடுத்துக்கொண்டு போனவள் திருப்பித் தரவில்லை. மறுநாளும் மண் இல்லை. பேச்சியம்மாளிடம் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எங்கேயோ போய், மத்தியானத்துக்கு மேல் ஈரத் தலையோடு திரும்பினாள். புதன்கிழமை. அவள் தலைக்கு ஊற்றிக்கொள்வது செவ்வாயும் வெள்ளியும்தான். என்ன என்று கேட்டேன். வெயில் தாங்கவில்லை, தண்ணீர் ஊற்றிக்கொண்டேன் என்றாள். வராந்தாவில் அவளும் பேச்சியம்மாளும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். உள்ளே வந்ததும் இரண்டு பேரும் என் கஞ்சியைப் பற்றிப் பேசினார்கள். அதுவரை வாயே மூடாத அண்ணாச்சி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

நம் ஊரில் யாராக இருந்தாலும் இதைப் படித்துவிடுவார்கள். கோவிலுக்குப் போகாத கால், கிழமை தவறி நனைந்த தலை. இழவு விழுந்த வீட்டுக்கு இரண்டுமே அடையாளம். நானும் படித்தேன். ஆனால் தப்பாகப் படித்தேன். பரிசோதனை முடிவு வந்துவிட்டது, மற்றதுதான், என்னிடம் மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். சாமியிடம் கேட்டு இனிப் பயனில்லை என்று செல்வி கோவிலை விட்டுவிட்டாள். நான் சாவதற்கு முன்பே அவளுக்குத் தலை நனைந்துவிட்டது.

அன்று சாயங்காலம் முழுக்கச் செத்துக் கிடந்து பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். என் போஸ்டர் அடித்தேன். எந்தப் படம் போடுவார்கள் என்று தேடினேன். மீளாத் துயில், ஆறாத் துயரம் என்று ஊருக்கெல்லாம் நான் போட்டுக்கொடுத்த வரிகளில் ஒன்றை எனக்கும் போட்டேன். பிறகு தெருவைப் பார்த்தேன். சுவாமி சன்னதித் தெருவில் சாயங்கால வெயில் விழுகிறது, நான் இல்லை. ஆடித் தபசுக்குக் கூட்டம் நெரிகிறது, நான் இல்லை. செல்வி ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி போடுகிறாள். எனக்கு என்மேல் அவ்வளவு பாவமாக இருந்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பது யார்? இல்லாதவன் எப்படி இல்லாமல் போனதற்கு வருந்துவான்? நான் செத்து, செத்தவனுக்குள் உயிரோடு உட்கார்ந்துகொண்டு, ஐயோ இவன் வெயிலைப் பார்க்க முடியவில்லையே என்று அழுகிறேன். குழாயோடு கட்டிலில் கிடக்கிற இந்த அடைபட்ட உடம்பைத்தான் கொண்டுபோய்ப் பிணத்துக்கு மாட்டிவிட்டிருக்கிறேன்.

செத்தவர்களுக்காக நாம் பாவம் என்று சொல்வதெல்லாம் இப்படித்தான் போலும் என்று நினைத்தேன். துட்டிக்கு, அதாவது துக்கம் கேட்க, போகிற வீட்டில் முதல் வார்த்தையே அதுதான். பாவம், பேரனைப் பாக்காமப் போயிட்டாளே. பாவம், கட்டுன வீட்டுல ஒரு நாள் படுக்கலையே. பார்க்கவும் படுக்கவும் இனி ஆள் இல்லை. ஆனாலும் நாம் நம் கண்ணையும் முதுகையும் அவர்களுக்குக் கடன் கொடுத்து, அந்தக் கண்ணால் ஏங்குகிறோம். கெட்டிக்காரத்தனமாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு திருப்திகூட வந்தது. அது ஒரு நாள்கூட நிற்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் செல்வி ஒரு ஜவுளிக்கடைப் பையோடு வந்தாள். உள்ளே அரக்கு நிறத்தில் ஒரு நூல் சேலை. சிவகிரியில் அவள் சித்தி மகளுக்கு வளைகாப்பு, அதற்கு எடுத்தது என்றாள். என் மடியில் வைத்தாள்.

"ரெண்டு கையாலயும் எடுத்து எங்கிட்டக் குடுங்க" என்றாள்.

"நான் எதுக்கு?"

"மூத்தவங்க கையால குடுத்தா நல்லதுன்னு சொன்னாங்க. சும்மா குடுங்களேன்."

எடுத்தேன். மடிப்பு விறைப்பாக இருந்தது. கொடுக்கும்போது நாலு ஓரமும் கண்ணில் பட்டது. மஞ்சள் இல்லை. ஆஸ்பத்திரிக் கைலிக்கு மஞ்சள் வைத்தவள், வளைகாப்புச் சேலைக்கு வைக்கவில்லை. எல்லாப் பொய்யையும் சரியாகச் சொன்னவளுக்கு இந்த இடத்தில் மட்டும் கை வரவில்லை. மஞ்சளில் ஒரு பொட்டு வைத்திருந்தால் நான் கொடுத்துவிட்டுத் தூங்கியிருப்பேன்.

எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து மஞ்சள் படாத கோடிச் சேலை வர வேண்டும். அதைப் போர்த்தாமல் தூக்க மாட்டார்கள். அப்பா அம்மா இல்லையென்றால் உடன்பிறந்தவன் கொண்டுவர வேண்டும். யாரோ வாங்கியதை யாரோ கொண்டுபோய்ப் போட்டால் கணக்கு ஒப்பேறிவிடும். செல்விக்கு அது போதவில்லை. எனக்குச் சொல்லவும் கூடாது, என் கை படாமலும் போகக் கூடாது. அதற்காகத்தான் இந்த வளைகாப்பு.

முதலில் எனக்கு வந்தது துக்கம் இல்லை. சாகப் போவது நான் இல்லை என்பதுதான் வந்தது. ஒரு குமிழ் வெடிக்கிற நேரம். நெஞ்சுப் பாரம்கூட இறங்கியதுபோல இருந்தது. அதற்குப் பிறகுதான் அரக்கு நிறம் யாருக்குப் பிடிக்கும் என்பது நினைவு வந்தது.

"அக்காவா?" என்றேன்.

செல்வி சேலையை வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். அண்ணாச்சி சுவரைப் பார்த்தபடியே, "சொல்லிரும்மா. ரெண்டு நாளா எனக்கே நெஞ்சடைக்கு" என்றார்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் போய்விட்டாள். மஸ்கட்டில் இருக்கும் மகன் வருவதற்காக வைத்திருக்கிறார்கள். அவன் திருவனந்தபுரத்தில் இறங்கிவிட்டான். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள். செல்வி சொல்லச் சொல்ல எனக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டது. இன்னும் எடுக்கவில்லை. முகம் இருக்கிறது. புளியங்குடி எவ்வளவு தூரம்? நான் தூங்கிக்கொண்டே போகிற தூரம்.

டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். சீழ் இன்னும் வடிகிறது. வண்டி குலுங்கிக் குழாய் நகர்ந்தால் காற்று உள்ளே புகும், நுரையீரல் சுருங்கிவிடும், வழியில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. என் இடத்தில் அவர் இருந்தாலும் போகத்தான் நினைப்பாராம். போனால் செத்துப் போவாராம். "உங்க அக்காவுக்காக நீங்க இதச் செய்ய முடியாது சார். அவங்களுக்குத் தெரியப் போறதில்ல" என்றார். அவர் சொன்னது முதல் நாள் சாயங்காலம் நானே கண்டுபிடித்ததுதான். இன்னொருவர் வாயால் கேட்டபோது அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது.

அவர் போனதும் பாட்டிலைத் தூக்கினேன். செல்வி தடுக்கவில்லை, பின்னால் வந்தாள். வராந்தா. நர்ஸ் மேசை. மாத்திரை அட்டைகள், ஒரு பிள்ளையார் படம். படிக்கட்டின் தலைமாடு வரை போய்விட்டேன். பாட்டில் நெஞ்சைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும் என்பதால் அதைத் தொங்கவிட்டபடி முதல் படியில் கால் வைத்தேன். அடுத்த படிக்குக் காலை எடுத்தபோது பாட்டில் படியில் தட்டிக் குழாய் இழுத்தது. விலாவில் ஒரு கொக்கி மாட்டி யாரோ உள்ளிருந்து பிடித்த மாதிரி. மூச்சு வரவில்லை. கண் இருட்டி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே வாசல் தெரிந்தது. வாசலில் வெயில். ஒரு ஆட்டோக்காரர் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்த ஆட்டோ வரைக்கும்தான் எனக்கு வேண்டியிருந்தது.

நர்ஸும் செல்வியும் தூக்கிக்கொண்டு வந்து படுக்கவைத்தார்கள். மண்ணைத் துடைக்கிற அதே நர்ஸ். திட்டவில்லை. ஆக்சிஜன் முகமூடியை மூக்கில் வைத்து, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டுப் போனாள்.

மூச்சு ஆறியதும் சேலையைக் கொண்டுவரச் சொன்னேன். கிழக்கே திரும்பி உட்கார்ந்து, தெரிந்து, இரண்டு கையாலும் எடுத்துச் செல்வியிடம் கொடுத்தேன். காலையில் கொடுத்தது வேறு யாரோ. இதுதான் நான் கொடுத்தது. அவள் என் போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பையை இடுக்கிக்கொண்டு படி இறங்கினாள். எனக்கு முடியாத படியில் அவள் செருப்புச் சத்தம் வேகமாக இறங்கிப் போனது. பேச்சியம்மாள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அண்ணாச்சி சிரமப்பட்டு இந்தப் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் சேர்த்து என் பக்கமாக நீட்டினார். துட்டி கேட்கிறவர்கள் நீட்டுவதுபோல. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே எட்டவில்லை. நான் என் கையை நீட்டினேன். அப்போதும் எட்டவில்லை. நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எடுத்துக்கொண்டோம்.

அத்தானுக்குப் போன் போட்டேன். எடுத்ததும், "தெரிஞ்சு போச்சா மாப்ளே" என்றார். சத்தமில்லாத குரல். நாற்பது வருஷத்துக்குப் பக்கத்தில் அவளோடு சண்டை போட்ட குரல். திங்கட்கிழமை ராத்திரி நன்றாகத்தான் சாப்பிட்டாள், விடியற்காலை காப்பியோடு எழுப்பினேன், எழும்பவில்லை என்றார்.  எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

"என்னையக் கேட்டாளா அத்தான்?"

"கேட்டா. சென்னையில வேலையாப் போயிருக்கான்னேன்."

"அதுக்கு என்ன சொன்னா?"

 "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்லான்னா. வேற ஒண்ணும் சொல்லல."

இனி அது அப்படியே நிற்கும். உயிரோடு இருப்பவர்களிடம் எந்தப் பொய்யையும் ஒரு நாள் போய்ச் சரிசெய்துகொள்ளலாம். அக்கா, நான் சென்னைக்குப் போகவில்லை, உனக்குப் பக்கத்தில்தான் குழாயில் கட்டிக் கிடந்தேன் என்று சொல்லிவிடலாம். அவள் ஏசுவாள், காப்பி தருவாள், முடிந்தது. இப்போது அவள் அந்த வருத்தத்தோடு படுத்திருக்கிறாள். வருத்தம் அவளிடம் இல்லை, என்னிடம்தான் இருக்கிறது, எனக்குத் தெரியும். ஆனால் அவளுடைய வருத்தமாகத்தான் அது என்னிடம் இருக்கிறது. அதை என்னுடையதாக்கிக்கொள்ள எனக்கு மனம் இல்லை. அதையும் எடுத்துக்கொண்டால் அவளிடம் பிறகு என்னதான் மிச்சம்?

 போனுக்குள் ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. விட்டு விட்டு, ஒரு பழைய ஃபிரிட்ஜ் மாதிரி. என்ன சத்தம் என்றேன். பெட்டி என்றார்.

ஐஸ் பெட்டி. செவ்வாயிலிருந்து அதற்குள் இருக்கிறாள். கண்ணாடி மூடி, மாலை, உள்ளே அவள். அவளுக்குக் குளிர் ஆகவே ஆகாது. சித்திரை வெயிலில்கூட மின்விசிறியைக் குறைத்து வைத்துக் காலைப் போர்த்திக்கொண்டுதான் படுப்பாள். ரத்தம் சரியாக ஓடாத பாதம், தொட்டால் ஜில்லென்று இருக்கும். அதற்காக அத்தானோடு தினமும் விசிறிச் சண்டை. எனக்குப் பாதம் விறைத்தது. கைலியை இழுத்துக் காலை மூடிக்கொண்டேன். செத்தவளுக்குக் குளிராது. தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"அத்தான், அந்தப் பெட்டியில குளிரைக் கொஞ்சம் குறைச்சு வைக்க முடியுமான்னு கேளுங்களேன்."

சொன்ன பிறகுதான் வெட்கமாக இருந்தது. காய்ச்சலில் உளறுகிறான் என்று நினைத்து, ரெஸ்ட் எடு மாப்ளே என்று வைத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன்.

"நேத்தே கேட்டேன்" என்றார். "இதுக்கு மேல குறைக்கக் கூடாதுன்னுட்டான். போர்வை போட்டா, பாக்க வாறவங்களுக்கு மறைக்கும்ங்காங்க. காலுக்கு மட்டும் என் துண்டைச் சுத்தி வச்சிருக்கேன்."

"ரெண்டு காலுக்குமா?"

"ரெண்டையும் சேத்துத்தான்."

"விரல் வெளிய தெரியாமலா?"

"தெரியாமத்தான் சுத்தியிருக்கேன் மாப்ளே" என்றார்.